எலும்பும் கால்சியமும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 56. ரத்தத்தில் கால்சியம் 9.4 என்று வந்துள்ளது. எலும்பு பலமாக இருப்பதாக எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: கூடாது. உடலின் கால்சியத்தில் ஏறத்தாழ 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்திலுள்ள சொற்ப அளவு குறைந்தால் தசைகளும் இதயமும் தடுமாறும் என்பதால், தைராய்டுக்குப் பின்னாலுள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உடனே ஹார்மோனைச் சுரந்து, எலும்பைக் கரைத்தாவது ரத்த அளவைச் சரிசெய்துவிடும். ஆகவே எலும்பு தேய்ந்துகொண்டிருந்தாலும் ரத்த அளவு சரியாகவே காட்டும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் தேய்மானம் வேகமெடுக்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கேழ்வரகா, பாலா? (உசிலம்பட்டி)

பதில்: இரண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம், ஒரு தம்ளர் பாலில் சுமார் 240. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 வேண்டும். பசலைக்கீரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடலில் சேரவிடாது. முருங்கைக்கீரை நல்லது.

கேள்வி: தினமும் காலை ஆறு மணிக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். ஆனாலும் சென்ற ஆண்டு விட்டமின் டி 14, குறைவு என்றார்கள். அன்றிலிருந்து வாரம் ஒரு 60,000 யூனிட் பவுடர் சாப்பிடுகிறேன். தொடரலாமா? (அனுப்பானடி)

பதில்: இன்றே நிறுத்துங்கள். நடை நல்லதுதான், ஆனால் ஆறு மணி இளவெயிலில் விட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. அதற்குப் பத்து மணிக்கு மேற்பட்ட வெயிலில் சிறிது நேரம் கையும் காலும் படவேண்டும்.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ஒன்று என்பது பொதுவாக எட்டு வாரங்களுக்கு எழுதப்படுவது. அதன்பின் அளவு குறையும், அல்லது நிற்கும். நம் ஊரிலோ பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறார்கள், கேட்காமலே கொடுக்கவும் கடைகள் இருக்கின்றன, மாமியாருக்கு எழுதியதை மருமகளும் சாப்பிடுகிறாள். வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று விழுங்கி, ஓயாத வாந்தியும் மலச்சிக்கலுமாக வந்தவர்களைப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. இது கொழுப்பில் தங்கும் விட்டமின். மிஞ்சினால் குடல் கால்சியத்தை அளவின்றி உறிஞ்சும், பாராதைராய்டு ஹார்மோன் அடங்கிப்போனாலும் ரத்தத்தில் கால்சியம் ஏறிக்கொண்டே போகும், சிறுநீரகத்தில் கல் சேரும், சிறுநீரகமே பழுதாகவும் கூடும். ரத்தத்தில் விட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: கால்சியம் 11.8. என்ன மாத்திரை சாப்பிடலாம்? (ஊர் இல்லை)

பதில்: வயதும் இல்லை, சாப்பிடும் மருந்துகளும் இல்லை, இப்படி எழுதினால் எவரால் பதில் சொல்ல முடியும்? 11.8 என்பது குறைவன்று, அதிகம். கால்சியம் மாத்திரை, மேற்சொன்ன பவுடர் எதையும் தொடாதீர்கள். பாராதைராய்டு ஹார்மோனை அளக்கச் சொல்லுங்கள். கால்சியம் இவ்வளவு ஏறியிருக்கும்போது அந்த ஹார்மோன் அடங்கியிருக்கவேண்டும், அடங்காவிட்டால் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று தேடவேண்டும். அடங்கியிருந்தால் புற்றுநோய் உட்பட வேறு காரணங்களைத் தேடவேண்டும். இந்த வாரமே போங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடலாமா? (மேலூர்)

பதில்: கூடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையும் சீட்டுப்படிதான்.