தேர்வு முடிந்த பின் வரும் நாட்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். காசிமேட்டை அடுத்த ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் 31 பிள்ளைகள். ஏப்ரலில் ஆண்டு இறுதித் தேர்வு முடிந்த பிறகும் பள்ளி சில நாட்கள் நடக்கிறது. அந்த நாட்களில் என்ன செய்வது என்பது ஒவ்வோர் ஆண்டும் எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது. பாடம் எடுத்தால், "பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே மிஸ்" என்கிறார்கள். போன ஆண்டு வண்ணத்தாளில் பூக்களும் வாழ்த்து அட்டைகளும் செய்து சுவரில் ஒட்டினோம். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

இன்னொரு கவலையும் உண்டு. என் வகுப்பில் ஒரு பையன் ஆண்டு முழுவதும் கற்றலின் முதல் படியான 'அரும்பு' நிலையைத் தாண்டவில்லை. மற்ற பிள்ளைகள் தாங்கள் கற்றதைக் காட்டி மகிழும்போது அவனை எங்கே உட்கார வைப்பது? நீங்களும் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, காசிமேடு

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்ல விரும்பினேன். ஆனால் அதற்கான விடை முதல் கேள்விக்குள் அடங்கியிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தண்டையார்பேட்டைப் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆண்டின் கடைசி நாளன்று முதல் மூன்று இடம் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்து, மற்றவர்களைக் கைதட்டச் சொல்லி அனுப்பிவிடுவேன். அப்படியொரு நாளில், மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேராகப் பள்ளிக்கு வந்த ஒரு தாய் வாசலில் நின்று, "எம்புள்ள இந்த வருஷம் இன்னா சார் கத்துக்கினான்?" என்று கேட்டார். "நல்லா படிக்கிறான்மா" என்றேன். "அது தெரியும் சார். இன்னா கத்துக்கினான்?" என்று மறுபடியும் கேட்டார். பத்து மாதம் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்த ஒரு பையன் புதிதாகக் கற்றுக்கொண்டது இன்னதென்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தாய் கேட்டதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசை மட்டுமே இருந்தது என்பதால் அது இன்னும் ஆழமாக உறைத்தது.

தேர்வுக்குப் பிந்தைய நாட்களின் வேலை, அந்தத் தாயின் கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையும் தானே பதில் சொல்லும்படி செய்வதுதான் என்று அன்றிலிருந்து நம்புகிறேன். ஜூன் மாதத்தில் தெரியாமலிருந்த எது தனக்கு இப்போது தெரிகிறது என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். மதிப்பெண் அதைக் காட்டுவதில்லை. அது ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறது. நாம் செய்ய வேண்டியது, ஏப்ரலில் இருக்கும் பிள்ளையை ஜூனில் இருந்த அதே பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்துவது. வண்ணத்தாள் வேலையில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஆசிரியை 31 பூக்களை வெட்டிக் கொடுத்து, பிள்ளை பசை தடவி ஒட்டுவது மட்டுமே நடக்குமென்றால், அந்த நேரத்தைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதற்கு நீங்கள் எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பழைய நோட்டுகளே போதும். தேர்வு முடிந்ததும் அவை பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகின்றன. அதற்கு முன்னால் ஒருநாள் அவற்றை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் பக்கத்தையும் கடைசியாக எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கச் சொல்லிவிட்டு, சிறிது நேரம் எதுவும் பேசாமல் இருங்கள். என் வகுப்பில் ஒரு பெண், தன் ஜூன் மாதப் பக்கத்தில் 'மரம்' என்பதை 'மறம்' என்று எழுதியிருந்ததையும், எழுத்துகள் கோட்டில் நிற்காமல் மேலும் கீழுமாகத் தொங்கியதையும் பார்த்துவிட்டு, "இத நானா சார் எழுதினேன்?" என்று கேட்டுக்கொண்டே ரப்பரைத் தேடினாள். அழிக்க வேண்டாம் என்று தடுத்தேன். நீங்களும் அழிக்க விடாதீர்கள். பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே இன்றைய தேதியைப் போட்டு, அதே வரியை மறுபடியும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரிகளும் ஒரே பக்கத்தில் நிற்பதுதான் அந்தப் பிள்ளையின் சான்றிதழ். அந்தத் தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு, பெற்றோர் வரும்போது பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்யுங்கள்.

உங்கள் பள்ளி சற்றுப் பழையது என்றால், வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் இருக்கக்கூடும். பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தங்கள் வேகத்தில் தாங்களே கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் தமிழகம் முழுவதும் பரவியபோது வந்தவை அவை. அந்த முறையின் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை; அட்டைகளைத் தேடுவதிலும் அடுக்குவதிலுமே பாதி நேரம் போன நாட்கள் உண்டு. ஆனால் கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது பிள்ளைக்கே தெரிந்திருந்தது என்பது மிகப் பெரிய நன்மை. அந்தத் தாழ்ந்த பலகைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் இந்த நாட்களில் பிள்ளைக்கு ஒரு சாண் இடம் ஒதுக்கிக் கொடுத்து, 'எனக்கு இப்போது தெரியும்' என்ற தலைப்பில் நாளுக்கு ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று எழுதுகிறவர்களிடம், எது என்று கேளுங்கள். 'மணி பார்க்கத் தெரியும்', 'பாக்கிச் சில்லறை சரியா என்று பார்க்கத் தெரியும்' என்று வரத் தொடங்கிவிடும்.

காசிமேட்டில் இருக்கும் உங்களுக்கு வேறெந்த ஊர் ஆசிரியைக்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆண்டு முழுவதும் விடியுமுன் கடலுக்குப் போய்விடும் அப்பாக்கள், சரியாக உங்கள் கடைசி நாட்களில்தான் கரையில் இருக்கிறார்கள். வருமானம் நின்றுபோகும் கடினமான காலம் அது என்பது எனக்குத் தெரியும். பாதிப் பேர் வலை பின்னுவதிலும் படகைப் பழுதுபார்ப்பதிலும் இருப்பார்கள். என்றாலும் ஒருவரையோ இருவரையோ அரை மணி நேரம் வகுப்புக்கு அழைத்துப் பாருங்கள். வலைக்கண்ணை எப்படிப் பின்னுகிறார்கள், அதன் அளவை எதை வைத்து முடிவு செய்கிறார்கள், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு ஏன் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். கேள்விகளை முதல் நாளே தயார் செய்து எழுதி வைத்துக்கொள்வதும், கேட்ட பதிலை இரண்டு வாக்கியத்தில் எழுதுவதும்தான் அவர்களுக்கான மொழிப் பாடம். தன் அப்பா வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து பேச, மிஸ் கீழே உட்கார்ந்து கேட்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

அந்தத் தடைக்காலத்தையே கணக்காகவும் ஆக்கலாம். காலண்டரைக் கையில் கொடுத்து, தடை மொத்தம் எத்தனை நாள் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 30இலிருந்து 15ஐக் கழித்து ஏப்ரலில் 15 நாட்கள் என்று பலர் சொல்வார்கள். விரல் விட்டு எண்ணியவர்கள், 15ஆம் தேதியையும் சேர்த்து 16 என்பார்கள். இருதரப்பும் வாதாடட்டும், நீங்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். 16, 31, 14 என்று கூட்டி 61க்கு வந்து சேரும்போது, எண்ணுவதற்கும் கழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் மறக்க மாட்டார்கள். பாடநூல் முடிந்த பிறகு நடக்கும் கணக்கு இப்படித்தான், விடை வீட்டுக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேரம் பலகையையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்வேன். நம் பகுதியில் தெருவுக்கு ஒரு பலகையாவது இருக்கும்; 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண் என்பதும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கலாம். கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, சிவப்புக்கு ஐம்பது என்று வைத்துக்கொண்டால் பலகையில் மொத்தம் எவ்வளவு என்று ஒருமுறை என் வகுப்பில் கேட்டேன். பத்தொன்பது காய்களையும் வரிசையாக எழுதிக் கூட்டத் தொடங்கியவர்கள் பாதியில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் திணறும் ஒரு பையன் 320 என்றான். எப்படி என்று கேட்டதற்கு, ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் ஜோடியாக நகர்த்தி வைத்து, "இது முப்பது. இந்த மாதிரி ஒம்போது ஜோடி, எரநூத்தி எழுபது. அப்பறம் ரெட்டு" என்றான். அவனையே பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, நான்கு நான்கு பேராக மற்றவர்களை அவனிடம் அனுப்பினேன்.

உங்கள் பையனை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இங்கே இருக்கிறது. அவனுக்கு ஏதோ ஒன்று உங்களைவிட நன்றாகத் தெரியும். அது நண்டை வகை பிரிப்பதாக இருக்கலாம், பந்தைத் தலையால் முட்டுவதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து அவனைக் கற்றுக்கொடுக்கிறவனாக ஒருநாள் உட்கார வையுங்கள். ஆனால் அத்தோடு நிறுத்திவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேரம் நன்றாக ஆடுகிறான் என்று பாராட்டிவிட்டு, படிக்கத் தெரியாதவனாகவே நான்காம் வகுப்புக்கு அனுப்பினால், நாம் அவனைக் கைவிட்டதாகத்தான் பொருள்.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளைப் பிரிக்கிறோம். பிரிப்பது கற்பிப்பதற்கு வசதிதான். ஆனால் 'அரும்பு' என்ற ஒரு சொல்லுக்குள், ஐந்து எழுத்து தெரிந்தவனும் ஐம்பது எழுத்து தெரிந்தவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். தேர்வு முடிந்த ஒரு காலை, வெயில் ஏறுமுன், 247 எழுத்துகளும் உள்ள அட்டவணையை வைத்துக்கொண்டு அவனோடு தனியாகக் கால் மணி நேரம் உட்காருங்கள். தெரிந்த எழுத்துக்கெல்லாம் அவனே வண்ணம் தீட்டட்டும். வண்ணம் விழுந்த கட்டங்களை எண்ணிப் பார்த்தால், நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே இருக்கும் என்பது என் அனுபவம். ப, ட, ம, ம், க, கு, ர, ல், வ, லை என்ற பத்து எழுத்துகள் அவனுக்குத் தெரிந்திருந்தால், படம், மரம், கடல், வலை, படகு என்ற ஐந்து சொற்கள் அவனுடையவை. அந்த அட்டவணையை நான்காம் வகுப்பு ஆசிரியரிடம் உங்கள் கையாலேயே கொடுங்கள். 'படிக்க மாட்டான்' என்ற வாய்மொழிக்குப் பதிலாக, இன்ன இன்ன எழுத்துகள் தெரியும், நெடிலில் தடுமாறுகிறான், கொம்பு வைத்த எழுத்துகள் இன்னும் வரவில்லை என்ற குறிப்போடு அவன் போய்ச் சேர்ந்தால், ஜூன் மாதத்தில் அவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

அடுத்த ஆண்டு உங்கள் வகுப்புக்கு வரப்போகிற இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு கடிதம் எழுதலாம். மூன்றாம் வகுப்பில் எது கடினம், எது நன்றாக இருக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். கட்டுரை நோட்டில் ஒருநாளும் வராத தெளிவு அதில் வரும், ஏனென்றால் படிக்கப் போகிறவர் யாரென்று எழுதுகிறவருக்குத் தெரியும். "கழித்தலில் கடன் வாங்கினால் மேலே இருக்கும் எண்ணைக் குறைக்க மறக்காதே, நான் தீபாவளி வரை மறந்தேன்" என்று ஒரு பெண் எழுதியதை, மறு ஜூனில் வந்த பிள்ளைகள் பீரோவிலிருந்து எடுத்து எடுத்துப் படித்தார்கள்.

கடைசியாக, அஞ்சலட்டை. ஐம்பது பைசாதான், 31 அட்டைகளுக்குப் பதினைந்தரை ரூபாய் ஆகும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு முகவரியை அதில் தானே எழுதட்டும். ஒன்பது வயதுப் பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் வீட்டுக்குப் போகத் தெரியும், முகவரியை எழுதத் தெரியாது. ராயபுரத்துக்கு 600013, திருவொற்றியூருக்கு 600019 என்று அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பலகையில் எழுதி, முதல் மூன்று இலக்கங்கள் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்று அவர்களையே கேளுங்கள். அட்டைகளை வாங்கி நீங்கள் வைத்துக்கொண்டு, மே மாத நடுவில் ஆளுக்கு இரண்டு வரி எழுதித் தபாலில் போடுங்கள். அந்தப் பிள்ளை இந்த ஆண்டு கற்றுக்கொண்டது ஒன்று அதில் இருக்கட்டும். பொதுவான வாழ்த்து வேண்டாம். அந்தப் பையனின் அட்டையில் மட்டும், வண்ணம் தீட்டிய எழுத்துகளால் ஆன சொற்களையே எழுதுங்கள். வீட்டில் வேறு யாரும் அவனுக்குப் படித்துக்காட்ட வேண்டிய தேவை இருக்கக் கூடாது.

அன்புடன்.