தோள்மூட்டில் பதுங்கும் கிருமி: வாசகர் கேள்விகள்

தோள்மூட்டு மாற்றி எட்டு மாதம் ஆகிறது. காயம் ஆறிவிட்டது, காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரி. ஆனால் வலி போகவில்லை, கை மேலே எழும்பவில்லை. கிருமியாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். நம்பலாமா? (ஈசூன்)

நம்பலாம். தோளில் அதிகம் பிடிபடுவது கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ். முகப்பருவோடு சேர்த்துப் பேசப்படும் அதே கிருமிதான். எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் ஆழமாக இருப்பதால், மேல்தோலை எவ்வளவு துடைத்தாலும் முழுதாகப் போகாது. ஆண்களிடம் இன்னும் அதிகம். சீழ், சிவப்பு, காய்ச்சல் என்று எந்த ஆர்ப்பாட்டமும் செய்யாது. வலியும் இறுக்கமும் மட்டுமே அறிகுறியாக இருப்பது சகஜம்.

வளர்வதிலும் மகா சோம்பேறி. வழக்கமான ஐந்து நாள் சோதனையில் ஒன்றும் தெரியாமல், பத்தாம் நாள் தலைகாட்டும். அதனால் தோள் மாதிரிகளை 14 நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டிலிருந்து ஊசியில் எடுத்த நீர் மட்டும் போதாமல் போகலாம். சதையில் ஐந்து இடங்களிலிருந்தாவது எடுப்பது நல்லது. ஒன்றில் மட்டும் வளர்ந்தால் வெளியிலிருந்து ஒட்டிய கிருமியாகவும் இருக்கலாம். இரண்டு மூன்றில் வளர்ந்தால் சந்தேகம் வலுக்கும். "எத்தனை நாள் வைத்துப் பார்ப்பீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அறுவை முடிந்து மூன்றாம் வாரம். தையலில் ஈரம் கசிகிறது. பக்கத்து கிளினிக்கில் ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள். சாப்பிடட்டுமா? (உட்லண்ட்ஸ்)

அறுவை செய்த மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள், மாத்திரையை அவரிடம் கேட்டபின் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விழுங்கிவிட்டால் கிருமி பாதி செத்து, சோதனையில் வளராது. உள்ளே மட்டும் உயிரோடு இருக்கும். பிறகு எந்த மருந்து கேட்கும் என்று நாங்கள் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மீன் தொட்டிக் கண்ணாடியில் வழுவழுப்பாகப் படியுமே, அதைப்போல கிருமிகள் உலோகத்தின் மேல் ஒரு படலம் கட்டும். அது முற்றுவதற்குள் திறந்து கழுவி, கழற்றக்கூடிய பாகங்களை மாற்றினால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. முற்றிவிட்டால் பெரும்பாலும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும்.

நடுக்கத்தோடு காய்ச்சல், மயக்கம் என்றால் யாருக்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மாவுக்கு 72 வயது. மாற்றிய தோள்மூட்டில் கிருமி. இரண்டு அறுவை வேண்டும் என்கிறார்கள். ஒரே தடவையில் முடியாதா? (புக்கிட் பாத்தோக்)

முடியும், சிலருக்கு. எந்தக் கிருமி என்று தெரிந்து, சுற்றியுள்ள சதை நன்றாக இருந்தால் பழையதை எடுத்து அதே நாளில் புதியதை வைப்பதையே நான் விரும்புவேன். கிருமி பிடிபடவில்லை, சீழ் வழிகிறது என்றால் இரண்டு கட்டம்தான். முதலில் மருந்து கலந்த சிமெண்டால் செய்த தற்காலிக மூட்டு ஒன்றை வைத்து, பெரும்பாலும் ஆறு வாரம் ஆண்டிபயாடிக் கொடுத்துவிட்டு, அப்புறம் புதிய மூட்டு.

இந்தத் தலைவலி புதிதல்ல. 1893இல் பாரிஸில் பெயான் என்ற மருத்துவர், காசநோய் அரித்த தோளில் பிளாட்டினமும் ரப்பரும் சேர்ந்த செயற்கை மூட்டை வைத்தார். இரண்டே ஆண்டில் நோய்த்தொற்றுக்காக அதை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆறு வாரமும் வார்டிலேயே கிடக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிலைமை சீரானால், கையில் நீளமான மெல்லிய குழாய் பொருத்தி, வீட்டிலிருந்தபடியே ஊசி மருந்தைத் தொடரும் வசதி இங்கே சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைகளில் உண்டு. குளிக்கும்போது குழாய் நனையக்கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் கிருமிக்கு ரிஃபாம்பிசின் என்ற ஆண்டிபயாடிக் தொடங்கியதிலிருந்து சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. ரத்தமா?

இல்லை, மருந்தின் நிறம். கண்ணீர்கூட அப்படித்தான். நிறத்துக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டால் மட்டும் உடனே சொல்லுங்கள், அதன் வேகத்தை இது குறைத்துவிடும்.

அடுத்த மாதம் எனக்கு அறுவை. நான் ஏதாவது செய்ய முடியுமா? (தெம்பனிஸ்)

சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். அக்குளை நீங்களாகச் சவரம் செய்யாதீர்கள். பிளேடு கீறினால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. பருவுக்குப் பூசும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல், அறுவைக்கு முந்தைய சில நாட்கள் தோளில் தடவினால் இந்தக் கிருமி குறைகிறது. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆனால் ஜெல் பட்ட துணி வெளுத்துவிடும், பழைய பனியனோடு தூங்குங்கள்.