சயாமாவைக் கேளுங்கள்: சாவி யார் கையில்?

கேள்வி: சயாமா (பர்மியத்தில் டீச்சரம்மா), போன வருஷம் எங்கள் சபையில் வாலிபர் ஐக்கியத்தை என் பொறுப்பில் விட்டார்கள். 13 முதல் 18 வயது வரை 19 பிள்ளைகள். கூடுகைக்குத் தவறாமல் வருகிறார்கள், மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் வைத்தால் இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசிக்கவோ ஜெபிக்கவோ கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். இந்தத் தலைமுறைக்கு ஊழிய வாஞ்சையே இல்லையா?
- ஒரு வாலிபர் தலைவர், பகோ, மியான்மர்

பதில்: தம்பி, வாஞ்சையை அப்புறம் பார்ப்போம். அந்த 19 பேரில் எத்தனை பேருக்கு எழுத்துக் கூட்டாமல் தமிழ் வாசிக்க வரும்? அதை முதலில் சொல்லுங்கள்.

1960-களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது பர்மியத்தில்தான். சண்டை போடுவது, கணக்குப் போடுவது, கனவு காண்பது எல்லாம் அதில்தான். தமிழ் என்பது பாட்டியோடு பேசுகிற பேச்சு, கோடை விடுமுறையில் இரண்டு மாத வகுப்பு, அவ்வளவே. அப்படிப்பட்ட பிள்ளையை நூறு பேருக்கு முன்னால் நிறுத்திப் பழைய தமிழ் வேதாகமத்தை வாசிக்கச் சொல்கிறோம். எனக்கே சில அதிகாரங்களில் மூச்சு வாங்கும்.

யாங்கோனில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். 14 வயதுப் பையன், யோவான் 14 வாசித்தான். "நானே வழியும் சத்தியமும் ஜீவனும்" என்ற இடத்தில் "நானே வலியும்" என்றான். பர்மியப் பேச்சில் ழ கிடையாது, ள-வும் ல போலத்தான் ஒலிக்கும். அவன் நாக்கு எங்கே போகும்? பெரியவர்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. நானாவது சும்மா இருந்திருக்கலாம். முன்வரிசையிலிருந்து "வழி, வழி" என்று சத்தமாகத் திருத்தினேன். டீச்சர் புத்தி! அவன் எப்படியோ வாசித்து முடித்தான். அதற்குப் பிறகு ஐந்து மாதம் சபைப் பக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் வழக்கத்தை மாற்றினேன். செவ்வாய்க்கிழமையே பகுதியைக் கொடுத்துவிடுவேன். முதலில் பர்மிய வேதாகமத்தில் வாசித்துப் பொருள் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு தமிழ். தேவைப்பட்டால் பர்மிய எழுத்திலேயே தமிழை எழுதிக்கொள்ளட்டும், ழ வருகிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சனிக்கிழமை போனில் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சபையில் யாரும் திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது. இதற்காக இரண்டு மூப்பர்களின் வீடு தேடிப் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. பிள்ளைகளைச் சம்மதிக்க வைப்பது அதைவிடச் சுலபம்.

ஆனால் ஊழியம் என்றாலே மைக் என்று நினைத்துவிடாதீர்கள். வேதாகமத்தில் ஆலயத்தில் வளர்ந்த சிறுவன் சாமுவேலைத் தேவன் ராத்திரியில் கூப்பிட்ட கதையை எல்லாரும் "சாமுவேலே, சாமுவேலே" என்று கூப்பிட்டதோடு நிறுத்திவிடுகிறோம். மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். வயதான ஆசாரியர் ஏலி இருக்கும்போதே கதவு அந்தப் பையனின் வேலையாக இருந்திருக்கிறது.

நம் சபைகளில் சாவி யார் கையில் இருக்கிறது? எழுபது வயது மூப்பரின் இடுப்பில்.

அந்த "வலி" பையன் திரும்பி வந்தபோது நான் வாசிக்கச் சொல்லவில்லை. ஜெனரேட்டர் அறைச் சாவியைக் கொடுத்தேன். நம் ஊர் கரண்ட் லட்சணம் தெரியுமே. டீசல் பார்ப்பது, பேட்டரி பார்ப்பது, ஆராதனைக்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணனும் இருந்தார். ஒன்பது மணி ஆராதனைக்கு ஆறரைக்கே வந்துவிடுவான். ஒரு ஞாயிறு டீசல் வாங்க மறந்துவிட்டான். மைக் இல்லை, ஃபேன் இல்லை, மே மாத வெயில். போதகர் ஐயா தொண்டை கிழியக் கத்தினார். சாவியைத் திருப்பி வாங்கச் சொல்லி அன்றைக்கே மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். நான் வாங்கவில்லை. அவன் வராவிட்டால் உண்மையிலேயே ஏதோ நின்றுபோகும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்காலி அடுக்கு, கிண்ணம் கழுவு என்று ஏவினால் அது தெரியாது.

எனவே 19 பேருக்கும் ஒரே நாளில் பொறுப்பு பிரிக்காதீர்கள். மூன்று பேரில் தொடங்குங்கள். அவர்கள் சொதப்பும்போது உங்கள் கை தானாக முன்னால் போகும், அதைக் கட்டிவையுங்கள்.

கேள்வி: என் மகள் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மார்ச்சில் பள்ளிப் படிப்பை முடிக்கும் மெட்ரிக் தேர்வு. "எல்லாவற்றையும் நிறுத்து" என்கிறார் அவள் அப்பா. அவளோ அழுகிறாள்.
- ஒரு தாய், தன்லியின்

பதில்: அப்பா பக்கம் பாதி நியாயம் இருக்கிறதம்மா. டிசம்பரிலிருந்து தேர்வு முடியும் வரை அவளை விடுவித்துவிடுங்கள். தேர்வா, தேவனா என்று அதை ஒரு பரீட்சையாக்கி அவள் தலையில் வைக்க வேண்டாம். ஆனால் இப்போதிருந்தே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார்த்திப் பழக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறை முகாமுக்கு இவள் திரும்பி வரலாம். முகாம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: பெண்பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருப்பார்களா, இருட்டுமுன் வீட்டில் கொண்டுவந்து விடுவார்களா? இதைக் கேட்டதற்கு யாராவது முகம் சுளித்தால் அனுப்பாதீர்கள்.

கேள்வி: பாடுபட்டுப் பழக்கிய பையன்கள் 18 ஆனதும் தாய்லாந்து, மலேசியா என்று போய்விடுகிறார்கள். பிறகு எதற்கு இந்தப் பயிற்சியெல்லாம்?
- பெயர் வேண்டாம், யாங்கோன்

பதில்: 2024 பிப்ரவரியில் இங்கே கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அதற்குப் பிறகு எந்த வாலிபர் தலைவருக்கும் இந்தக் கவலை உண்டு. நான் கண்ட ஒரே வழி, 13 வயதிலேயே பொறுப்பைக் கொடுத்துவிடுவது. ஐந்து வருஷமாவது கிடைக்கும். போகிறவர்களை நம் கணக்கிலிருந்து எழுதித் தள்ளிவிடவும் வேண்டாம். போகிற ஊரிலும் சபை இருக்கிறது.

என் ஜெனரேட்டர் பையனும் போய்விட்டான். வழியனுப்பக் கூடியபோது தமிழ் வேதாகமம் ஒன்று கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, பர்மிய வேதாகமமும் வேண்டும் என்றான். 1834-ல் அமெரிக்க மிஷனெரி ஜட்சன் மொழிபெயர்த்து முடித்து, 1840-ல் திருத்தி வெளியிட்ட அந்தப் பழைய மொழிபெயர்ப்புதான் அவனுக்கு மனப்பாடம். இரண்டையும் வைத்ததில் பையின் எடை கூடிவிட்டது. அவன் அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒரு பாட்டில் பலச்சாங்கை (காய்ந்த இறால் பொரியல்) வெளியே எடுத்து வைத்தார்.