பார்போசா நகர்ந்த ஓரடி

கேள்வி: ஒரே ஒரு கணம் ஒரு கால்பந்து வீரரின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது என்றால், உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் யார்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிரேசில் கோல்கீப்பர் மோசிர் பார்போசா. பதினான்கு ஆண்டுகள் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவன் நான். அதனால் இவர் கதையை என்னால் விலகி நின்று சொல்ல முடியாது.

1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டுமே 1,73,850 பேர். உலகக் கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டம், எதிரணி உருகுவே. முந்தைய இரண்டு ஆட்டங்களில் சுவீடனுக்கு எதிராக 7, ஸ்பெயினுக்கு எதிராக 6 என்று கோல்களைக் குவித்து, புள்ளிகளில் முன்னே இருந்த பிரேசிலுக்கு டிரா செய்தாலே கோப்பை கிடைத்துவிடும். இடைவேளை முடிந்த கையோடு ஃபிரியாசா ஒரு கோலும் அடித்துவிட்டார்.

66-வது நிமிடத்தில் உருகுவேயின் ஜிஜியா வலது ஓரமாகப் பாய்ந்து வந்து பந்தைக் குறுக்கே கொடுத்தார். ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79-வது நிமிடத்தில் அதே ஜிஜியா, அதே ஓரம், அதே ஓட்டம். இடது பக்கம் காத்த பிகோடி மறுபடியும் பின்தங்கிவிட்டார். பந்து முன்பு போலவே குறுக்கே வரும் என்று கணித்த பார்போசா, கம்பத்தை விட்டு ஓரடி நகர்ந்தார். ஜிஜியாவோ அந்த ஓரடி இடைவெளியில் நேராக அடித்துவிட்டார். பந்து தன் கையில் பட்டு வெளியே போய்விட்டது என்றுதான் பார்போசா முதலில் நினைத்தாராம். அத்தனை பெரிய மைதானம் சட்டென்று அடங்கிப்போன பிறகே, அது வலைக்குள் கிடப்பதை உணர்ந்தார்.

'உன் பக்கத்துக் கம்பத்தை விடாதே' என்பதுதான் எந்தக் கோல்கீப்பருக்கும் முதல் பாடம். பார்போசா அதை மீறினார் என்பதே அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம். ஆனால் பதின்மூன்று நிமிடங்களுக்கு முன்னால் அதே ஆள் அதே இடத்திலிருந்து குறுக்கே கொடுத்துக் கோல் விழுந்திருக்கிறதே! அதைக் கண்ணால் பார்த்த கோல்கீப்பர் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பாரா? நானாக இருந்தால் நானும் நகர்ந்திருப்பேன்.

அந்த உலகக் கோப்பையின் ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து பிரேசில் வாங்கியவை ஆறே கோல்கள். முந்தைய ஆண்டு தென்னமெரிக்கக் கோப்பையை வென்ற அணியிலும் கோல்கீப்பர் அவர்தான். அதெல்லாம் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. அதன்பின் அவர் நாட்டுக்காக ஆடியது 1953-இல் ஒரே ஓர் ஆட்டம். பழி விழுந்த மூவரும், பார்போசா, பிகோடி, இன்னொரு தடுப்பாட்டக்காரரான ஜுவெனல், கறுப்பினத்தவர்கள். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அவருக்குப் பிறகு ஒரு கறுப்பினத்தவர் பிரேசிலின் முதன்மை கோல்கீப்பராக உலகக் கோப்பையில் நிற்பதற்கு, 2006-இல் டீடா வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து ஒரு கடையில், ஒரு தாய் தன் சிறுவனிடம் பார்போசாவைக் காட்டி, நாட்டையே அழவைத்தவர் இவர்தான் என்றாராம். 1993-இல் பிரேசில் அணியின் பயிற்சி முகாமுக்கு அவர் போனபோது, ராசி இல்லாதவர் என்று வீரர்களைப் பார்க்கவே விடவில்லை. பிரேசிலில் அப்போது அதிகபட்சச் சிறைத் தண்டனை முப்பது ஆண்டுகள், தான் செய்யாத குற்றத்துக்கு ஐம்பது ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிப்பதாக அவர் சொன்னார். 2000 ஏப்ரலில் இறந்துபோனார். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கேள்வி: 1994-இல் பாஜியோ பெனால்டியை வீணாக்கியதால்தானே இத்தாலி கோப்பையை இழந்தது?
- வாசகர், கோவை

பதில்: இல்லை. அந்த இறுதியாட்டத்தை நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் விழித்திருந்து பார்த்தவன் என்ற உரிமையோடு சொல்கிறேன். பாஜியோவுக்கு முன்பே இத்தாலியின் பரேசி முதல் பெனால்டியை மேலே அடித்துவிட்டார். மசாரோ அடித்ததை பிரேசிலின் டஃபரேல் தடுத்துவிட்டார். பாஜியோ கோல் அடித்திருந்தாலும் கணக்கு 3-3 என்றுதான் ஆகியிருக்கும். பிரேசிலுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மீதம் இருந்தது. இன்னொன்றையும் பாருங்கள். இத்தாலியை இறுதியாட்டம்வரை இழுத்து வந்ததே அவர்தான். நைஜீரியாவுக்கு எதிராக இரண்டு, ஸ்பெயினுக்கு எதிராக ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு. பரேசியின் பெயரைச் சொல்லி யாரும் அந்த பெனால்டியை நினைப்பதில்லை. கடைசியாக அடித்தவர் தலையில்தான் எல்லாம் விழுகிறது.

1998-இல் சிலிக்கு எதிராக, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது இத்தாலிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் பாஜியோதான். கோல்.

கேள்வி: சிவப்பு அட்டையால் வெறுக்கப்பட்டு, மீண்டு வந்தவர் உண்டா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: டேவிட் பெக்காம். 1998-இல் அர்ஜென்டினாவின் சிமியோனியைத் தரையில் கிடந்தபடியே காலால் தட்டி வெளியேற்றப்பட்டார். இங்கிலாந்தில் அவர் கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். 2001-இல் கிரீஸுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அவர் அடித்த ஃப்ரீ கிக்தான் இங்கிலாந்தை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனது. 2002-இல் அதே அர்ஜென்டினாவைத் தோற்கடித்த ஒரே கோலும் அவருடையதே.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது, பள்ளி அணியின் கோல்கீப்பர். கடைசி நிமிடத்தில் எளிய பந்து ஒன்றைக் கால்களுக்கு இடையே விட்டுவிட்டான். இரண்டு வாரமாக மைதானத்தின் பக்கமே போக மறுக்கிறான். என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: அம்மா, முதலில் அந்தக் கோலைப் பற்றி வீட்டில் யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். 'பரவாயில்லை' என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது அவன் கண்முன் மறுபடி ஓடும். கானாவின் அசமோவா ஜியானைப் பற்றிச் சொல்லுங்கள். 2010 காலிறுதியில் கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் அவர் அடித்த பெனால்டி மேல்கம்பத்தில் பட்டுப் போனது. அது கோலாகியிருந்தால் உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி கானாதான். சில நிமிடங்களில் ஷூட் அவுட். கானாவின் முதல் பெனால்டியை அடிக்க நடந்து வந்தவர் அதே ஜியான், அடித்தார், கோல். கானா தோற்றது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிறகு ஒரு ஞாயிறு காலையில், வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மைதானத்துக்கு அவனோடு நீங்களே போங்கள். பத்தடி தூரத்திலிருந்து பந்தைத் தரையோடு மெதுவாக உருட்டிவிடுங்கள். முழங்காலை மடக்கி, கைகளுக்குப் பின்னால் உடம்பும் இருக்கும்படி அவன் எடுக்கட்டும். ஐம்பது முறை. அன்று கோல் கணக்குப் பார்க்க வேண்டாம். அடுத்த ஆட்டத்தில் எத்தனை கோல் விழுந்தாலும், முடிந்தபின் எனக்கு அவனே ஒரு கடிதம் எழுதட்டும். கட்டாயம் பதில் போடுகிறேன்.