வட்டில் பழுதில்லை, சுருக்கிய பாட்டுதான்

உங்கள் சிடி போலி இல்லை. சிங்கப்பூரின் அடெல்ஃபி கடைத்தொகுதியில் வாங்கிய, பிரிட்டிஷ் டிஜே ஃபேட்பாய் ஸ்லிமின் தொகுப்பில் ‘ரைட் ஹியர், ரைட் நவ்’ நான்கு நிமிடத்துக்குள் முடிகிறது என்றீர்கள். 2006இல் வந்த அந்தச் சிறந்த பாடல்கள் தொகுப்பில் இருப்பதே வானொலிக்காகச் சுருக்கிய வடிவம்.

முழுப் பாட்டு அவருடைய 1998 ஆல்பத்தின் முதல் பாடல், ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். வயலின்கள் அடுக்கடுக்காக ஏறி, தாளம் இறங்கும்வரை காத்திருக்க வைக்குமே, அந்தக் காத்திருப்புதான் பாட்டின் உயிர். அதில் கை வைத்தது எனக்கும் வருத்தம்தான்.

சந்தேகம் தீர ஒன்று செய்யுங்கள். பிளேயரில் நொடி எண்ணைப் பார்த்தபடி பாட்டைக் கடைசிவரை ஓட விடுங்கள். எண் தடங்கலில்லாமல் ஓடி, அடுத்த பாட்டுக்குத் தானாகப் போனால் வட்டு நன்றாக இருக்கிறது. எண் நின்று குதித்தால் மட்டும் அழுக்கோ கீறலோ இருக்கலாம். அப்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.

அப்புறம், 1998 ஆல்பத்தை வாங்கினாலும் தொகுப்பைக் கொடுத்துவிடாதீர்கள். தொகுப்பிலுள்ள ‘வெப்பன் ஆஃப் சாய்ஸ்’ அந்த 1998 ஆல்பத்தில் கிடையாது, அது 2000ஆம் ஆண்டு ஆல்பத்தில் வந்த பாட்டு.