மயிலைப் பற்றிக் கேளுங்கள்

கொழும்பிலும் அயலூர்களிலும் மயில் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வாஸ்து, சகுனம், விற்பனை விலை இவையெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம். இன்னொன்று, மயிலுக்குத் தீனி வைக்காதீர்கள். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

பத்தரமுல்லையிலிருந்து: நாங்கள் குடிவந்த காலத்தில் இங்கே மயிலே இல்லை. இப்போது விடியற்காலையில் கூரையில் நின்று அகவுகிறது. எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் மயில் உலர்வலயத்துப் பறவை, அதாவது மழை குறைந்த பகுதிப் பறவை. யால, புந்தல, குமன, வில்பத்து, வன்னிப் பற்றைக்காடு, இவைதான் அதன் பழைய வீடு. அதற்கு வேண்டியது மூன்று: பகலில் மேய வெட்டவெளி, ஒளிய பற்றை, இரவில் ஏறி உறங்க உயர்ந்த மரம். ஈரவலயத்து அடர்காட்டில் வெட்டவெளி கிடையாது. அதனால் இந்தப் பக்கம் அது அதிகம் வரவில்லை. நாம் காட்டை வெட்டினோம். வெட்டிய காணிகளில் பல பற்றை மண்டிக் கிடக்கின்றன. முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி பல இடங்களில் குறைந்துவிட்டது. காலநிலை மாறுவதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தலவத்துகொடை, பத்தரமுல்லைப் பக்கத்துச் சதுப்போரங்களைப் பாருங்கள்: மரம் இருக்கிறது, வெளி இருக்கிறது, போதாததற்கு நாம் கொட்டும் மிச்சச் சோறும் இருக்கிறது. மயில் வழிதவறி வரவில்லை, அக்கா. நாம்தான் அதற்கு இடம் செய்து கொடுத்திருக்கிறோம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி: தோகைதான் மயிலின் வாலா? இறகைப் புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடுமா?

தோகை வால் இல்லை, பிள்ளை. வாலின் மேற்புறத்தை மூடும் இறகுகள்தான் அப்படி நீண்டு தோகையாகின்றன. உண்மையான வாலில் குட்டையான பழுப்பு இறகுகள் இருபது இருக்கும். தோகையை விரிக்கும்போது பின்னால் நின்று அதைத் தாங்குவது அவைதான். தோகையில் ஏறத்தாழ 150 முதல் 200 இறகுகள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அத்தனையும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். முழுத் தோகை வர ஆண் மயிலுக்கு ஐந்தாறு வயதாக வேண்டும்.

குட்டி போடாது. ஆனால் அந்த இறகை வைத்து ஒன்று செய்து பாருங்கள். முதலில் வெளிச்சம் மேலே விழும்படி பிடித்து மெல்லச் சாயுங்கள்: கண்ணின் நடுவே கருநீலம், சுற்றிலும் பச்சை கலந்த நீலம், அப்புறம் செம்புநிற வளையம், சாய்க்கச் சாய்க்க நிறம் நகரும். பிறகு அதையே ஜன்னலுக்கு நேரே தூக்கி, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி பாருங்கள். வெறும் பழுப்பு. இறகில் நீலச் சாயமும் இல்லை, பச்சைச் சாயமும் இல்லை. மெலனின் என்ற கருநிறப் பொருளாலான நுண்கோல்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. அடுக்கின் இடைவெளி எந்த அளவோ, அதற்கேற்ற நிறம்தான் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மழை வரப்போவது தெரிந்துதானே மயில் ஆடுகிறது?

ஆடுவது பெட்டைக்காக. இனப்பெருக்கக் காலம் மழைக்காலத்தை ஒட்டி வருவதால் நாம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டோம்.

பேகன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்த வள்ளல். அந்த நடுக்கம் கட்டுக்கதை இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தோகையை விரித்த ஆண், பெட்டை நெருங்கியதும் இறகுகளை விநாடிக்கு ஏறத்தாழ 25 தடவை அதிரவிடுகிறது. பக்கத்தில் நின்றால் காய்ந்த ஓலை உரசுவது போல ஒரு சரசரப்புக் கேட்கும். இறகுகள் அப்படித் துடித்தாலும் தோகையிலுள்ள கண்கள் மட்டும் அசையாமல் நிற்பது போலத் தெரியும். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியும் அதில் இருக்கிறது என்று 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது.

பெட்டை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை. தோகையில் கண்கள் அதிகமுள்ள ஆணுக்கே வாய்ப்பு அதிகம் என்று இங்கிலாந்தில் 1991-இல் சொன்னார்கள். ஜப்பானில் ஏழு ஆண்டுகள் பார்த்தவர்கள் அப்படி ஒன்றும் இல்லை என்று 2008-இல் எழுதினார்கள். 2013-இல் பெட்டைகளின் பார்வை போகும் திசையை அளந்தபோது, அவை பெரும்பாலும் தோகையின் கீழ்ப்பகுதியையே பார்த்தன.

தெஹிவளையிலிருந்து: தினமும் வரும் மயிலுக்குப் பாணும் சோறும் வைக்கிறேன். வேறென்ன வைக்கலாம்?

ஒன்றும் வைக்க வேண்டாம், அம்மா. அது விதை, பழம், பூச்சி, பல்லி, சிறு பாம்பு என்று தானே தேடித் தின்னும். உங்கள் கையை நம்பிப் பழகினால் வீதியைக் கடக்கும், நாயிடம் மாட்டும். நீங்கள் வைக்கும் சோற்றுக்கு எலியும் காகமும் வரும்.

மகரகமவிலிருந்து: என் கார்க் கதவைக் கொத்திக் கீறுகிறது.

பளபளக்கும் கதவில் தன் உருவத்தையே பார்த்து, எதிரி ஆண் என்று சண்டைக்கு நிற்கிறது. காரை மூடி வையுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் ஐயா: முருகனின் வாகனத்தைக் குரங்கோடு சேர்த்துப் பயிர் அழிக்கும் பிராணி என்று அரசாங்கம் கணக்கெடுத்ததே, இது அடுக்குமா?

அதற்குக் கிளிநொச்சியைச் சேர்ந்த, இப்போது வத்தளையில் இருக்கும் தம்பி: ஐயா எங்கள் அப்பாவின் கச்சான் தோட்டத்துக்கு ஒருநாள் வரட்டும். விதைத்த அன்றே கிண்டித் தின்கிறது.

இதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி இந்தச் சண்டையாகவே இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஐயா, 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்தே நிமிடம் நடந்த கணக்கெடுப்பைச் சொல்கிறீர்கள். வீட்டுத் தோட்டங்களிலும் விவசாய நிலங்களிலும் எண்ணினார்கள். மயில் 42 இலட்சத்துக்கு மேல் என்று அறிவித்தார்கள். பழக்கமில்லாதவர்கள் ஐந்து நிமிடத்தில் எண்ணிய தொகையை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்து வளவுக்காரரும் அதே மயிலை எண்ணியிருப்பார். ஆனால் எண்ணியதில் அவமதிப்பு இல்லை. கதிர்காமத்தில் கும்பிடுகிற கைதான் கிளிநொச்சியில் கச்சானும் விதைக்கிறது.

தம்பி, உங்கள் அப்பாவின் நட்டம் உண்மை. முளைவிடும் பருவத்தில்தான் சேதம் மிக அதிகம். அந்த நாட்களுக்கு மட்டுமாவது வலை போட முடிந்தால் பெரும்பகுதி தப்பும். "சுட்டால் என்ன" என்று கேட்டிருக்கிறீர்கள். காலியான இடத்துக்கு அடுத்த பற்றையிலிருந்து வேறு மயில் வரும். நரியை அழித்துவிட்டு மயில் பெருகியதென்று துவக்கைத் தூக்குவதை என்னால் ஏற்க முடியாது. நட்டஈடு கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்.

இந்தச் சண்டை இத்தோடு போதும்.

வேறு வேறு ஊர்களிலிருந்து பலர்: பெட்டை மயில் ஆணின் கண்ணீரைக் குடித்துத்தான் கருத்தரிக்குமாமே?

இல்லை. கோழியைப் போல இணைசேர்ந்துதான். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

மயிலெண்ணெய் மூட்டுவலிக்கு நல்லதா?

வைத்தியரிடம் போங்கள். அந்தப் போத்தலுக்காக ஒரு பறவை செத்திருக்கும்.

வெள்ளை மயில்?

பெரும்பாலும் நிறமிக் குறைபாடு. கண் சிவப்பாக இல்லையென்றால் அது அல்பினோ, அதாவது நிறமியே இல்லாமல் பிறந்தது, அல்ல.

ஹோமாகமவிலிருந்து: பக்கத்து வெற்றுக் காணியில் பற்றைக்குள் ஐந்து முட்டை கண்டோம். பெட்டை அடைகாக்கிறது. எடுத்துக் கோழிக்கு வைக்கலாமா?

தொடவே வேண்டாம். மயில் நிலத்தில் சும்மா ஒரு குழி கிளறி நான்கு முதல் ஆறு முட்டை இடும்; ஆண் பக்கத்திலும் வராது. 28 முதல் 30 நாள் பெட்டை தனியாகவே அடைகாக்கும். அடிக்கடி போய்ப் பார்த்தால் நாய்க்கும் உடும்புக்கும் வழிகாட்டிவிடுவீர்கள். உங்கள் நாயைக் கட்டி வையுங்கள். குஞ்சுகள் பொரித்த உடனேயே தாயின் பின்னால் நடக்கும். இரண்டு வாரத்துக்குள் கிளைக்குத் தாவும். அதுவரை அங்கே புல் வெட்டுவதைத் தள்ளிப்போடும்படி காணிக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.