டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் பட்டனை அழுத்தியதும் வியூஃபைண்டர் ஏன் இருட்டாகிறது?

லென்ஸ் வழியே வரும் ஒளியையே கண்ணாடியில் பட்டுத் திரும்ப வைத்து நம் கண்ணுக்குக் காட்டும் கேமராதான் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸைக் கழற்றிப் பாருங்கள், 45 பாகை சாய்வில் சின்னக் கண்ணாடி தெரியும். அது ஒளியை மேலே திருப்பி, நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி சட்டென மேலே மடங்கும். ஒளியை மறைத்திருக்கும் ஷட்டர் என்ற திரை திறந்து, ஒளி நேராகப் படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்குப் போகும். வாய்க்காலில் மடை மாற்றுவது மாதிரிதான்: ஒரு வயலுக்குப் பாயும்போது மற்றதற்குத் தண்ணீர் இல்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/200 நொடி என்றால் இருட்டு இமைப்பொழுது. 10 நொடி என்றால் அவ்வளவு நேரமும் இருட்டுதான். கண்ணாடி எழுந்து விழும் அந்த 'டப்' சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், வியூஃபைண்டரில் வெளிச்சமாகத் தெரிந்தால் படமும் அப்படியே வரும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, ஷட்டர் வேகத்தையோ ஐஎஸ்ஓவையோ (ஒளிக்கான உணர்திறன் அளவு) மாற்றினாலும் அங்கே தெரியும் வெளிச்சம் மாறாது, படத்துக்கு ஒளி கூடுதலா குறைவா என்று காட்டும் எக்ஸ்போஷர் மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்.